காளானின் கசப்பும் தங்கத்தின் ஒளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மேசையில் மருத்துவக் காளான்களின் சாற்றிலிருந்து சேர்மங்களைப் பிரிக்கிறோம். அடுத்த மேசையில் புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் தங்க நானோ கொத்துகளை, அதாவது எண்ணக்கூடிய சில அணுக்களே சேர்ந்த மிகச் சிறு தங்கத் துகள்களைச் செய்கிறோம். மாணவர்களும், நோயாளிகளின் பிள்ளைகளும், காளான் வளர்ப்பவர்களும், நகைத் தொழிலில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காளானுக்கும் தங்கத்துக்கும் என்ன தொடர்பு? இரண்டையும் ஒரே இடத்தில் ஏன் ஆராய்கிறீர்கள்?

இரண்டிலும் நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: குடுவைக்குள் இருப்பது என்ன? காளான் சாற்றில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்து கிடக்கின்றன. தங்கக் கரைசலிலும் பத்து அணுக் கொத்து, இருபத்தைந்து அணுக் கொத்து, இன்னும் பெரிய துகள்கள் என்று எல்லாம் கலந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டிய பிறகுதான் "இது கல்லீரலைக் காக்கும்" என்றோ "இது நீரில் உள்ள பாதரசத்தைக் கண்டுபிடிக்கும்" என்றோ வாய் திறக்க எங்களுக்கு உரிமை வருகிறது. இந்த வரிசையை மாற்றி, பலனை முதலில் சொல்லிவிட்டுப் பொருளைப் பிறகு தேடும் கட்டுரைகள் இரண்டு துறைகளிலும் பெருகிவிட்டன. அது எனக்கு உண்மையான வருத்தம். கீழே உள்ள பதில்களில் பலவற்றை அந்த வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

பூஞ்சையிலிருந்து மருந்து கிடைப்பது உண்மையா, வெறும் விளம்பரமா?

உண்மை. பெனிசிலினை எல்லோரும் அறிவார்கள். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் 'அஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ்' என்ற பூஞ்சையில் கிடைத்தது. அமெரிக்காவில் 1987இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் எடுத்த பூஞ்சை ஒன்றிலிருந்து வந்தது. பூச்சியின் உடலில் வளரும் பூஞ்சை ஒன்றில் மைரியோசின் என்ற சேர்மம் இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்து, திருத்தி, எளிமையாக்கிச் செய்ததுதான் நரம்பு உறை சிதையும் நோய்க்கு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) 2010இல் ஒப்புதல் பெற்ற ஃபிங்கோலிமோட்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் எதுவும் "காளான் பொடி" அல்ல. எல்லாமே தனித்த மூலக்கூறுகள்; எடை தெரியும், அமைப்பு தெரியும், எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரால் எழுதித் தர முடியும்.

நீங்கள் ஆராயும் காளான் எது?

தைவானின் 'நியூ சாங் சீ'. அறிவியல் பெயர் ஆன்ட்ரோடியா சினமோமியா. உலகில் தைவான் தீவில் மட்டும் இயற்கையாக வளரும் 'சினமோமம் கனேகிரே' என்ற மரத்தின் உட்பொந்தில்தான் இது வளர்கிறது. நம் சமையலறையிலுள்ள பட்டையும், கற்பூர மரமும் அதே சினமோமம் பேரினத்தைச் சேர்ந்தவை. மரத்தின் பெயரில் இருக்கும் 'கனேகிரா' ஒரு ஜப்பானியத் தாவரவியலாளர்.

வயதான மரத்தின் நடுப்பகுதி உளுத்துப் பொந்தாகும்போது, அந்த இருட்டுச் சுவரில் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தில் அடை அடையாகப் படர்ந்திருக்கும். குடை போன்ற வடிவம் கிடையாது. ஒரு சிறு துண்டைக் கடித்தால் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் போகாது. மரத்தின் நறுமணமும் சேர்ந்தே வரும். தைவான் பழங்குடி மக்கள் கல்லீரல் கோளாறுகளுக்கும், மது அருந்திய பிறகு வரும் உபாதைக்கும் இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இதற்கு ஏன் இத்தனை பெயர்கள்? புட்டிக்குப் புட்டி வேறு பெயர் இருக்கிறதே?

முதல் அறிவியல் பெயரிலேயே ஒரு தவறு நடந்துவிட்டது. 1990இல் இதை 'கானோடெர்மா கேம்ஃபொராட்டம்' என்று வகைப்படுத்தினார்கள். அந்த மாதிரியின் மேல் வேறொரு கானோடெர்மா காளானின் வித்துகள் ஒட்டியிருந்திருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அவற்றை இதன் வித்துகள் என்று நினைத்துவிட்டார்கள். 1995இல் 'ஆன்ட்ரோடியா சினமோமியா' என்ற பெயர் வந்தது. பிறகு 'ஆன்ட்ரோடியா கேம்ஃபொராட்டா', 'தைவானோஃபங்கஸ் கேம்ஃபொராட்டஸ்' என்ற பெயர்களும் வந்தன. பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் மாணவர்கள் எல்லாப் பெயர்களையும் தட்டச்சு செய்து தேட வேண்டும். ஒன்றை விட்டாலும் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது.

சேர்மங்களுக்கும் இதே கதி. 1995இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்தக் காளானை ஆராய்ந்தன. ஒரு குழு தான் பிரித்தவற்றுக்கு 'ஆன்ட்சின்' என்று பெயர் வைத்தது, மற்றொன்று 'ஜான்குயிக் அமிலம்' என்று வைத்தது. ஆன்ட்சின் பி-யும் ஜான்குயிக் அமிலம் ஏ-யும் ஒரே மூலக்கூறுதான். இது தெரியாமல் இரண்டையும் தனித்தனிச் செயல்படு பொருள்கள் என்று எண்ணிக்கை காட்டும் விளம்பரத்தை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு சேர்மத்தைப் பிரிப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறீர்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி இதில்தான் போகிறது.

உலர்ந்த காளானைப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவோம். எத்தனாலைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கினால் குடுவையின் அடியில் கருஞ்சிவப்பாக, முற்றிய வெல்லப்பாகு போல ஒட்டும் ஒரு பசை மிஞ்சும். கடைகளில் 'சாறு' என்ற பெயரில் விற்பது ஏறக்குறைய இதைத்தான். எங்களுக்கு இது தொடக்கம் மட்டுமே.

அந்தப் பசையை நீரிலும் எத்தில் அசிட்டேட்டிலும் பங்கிடுவோம். நமக்கு வேண்டிய, கசப்பான டிரைட்டெர்பீன் வகைக் கரிமச் சேர்மங்கள் எத்தில் அசிட்டேட்டுக்குள் போகும்; சர்க்கரைகள் நீரில் தங்கும். பிறகு கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல்லை நிரப்பி, மேலே சாற்றை ஏற்றி, ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே ஊற்றுவோம். கீழே சொட்டும் திரவத்தைச் சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடிப்போம். ஒரு நாளில் இருநூறு குழாய் நிறையும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டை மெல்லிய சிலிக்கா தகட்டில் வைத்து, அனிசால்டிஹைடும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைத் தெளித்துச் சூடாக்கினால், வெறுமையாக இருந்த தகட்டில் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும். டிரைட்டெர்பீன் இருக்கும் இடம் அதுதான். புதிதாகச் சேர்ந்த மாணவி முதல் தடவை அந்த ஊதாப் புள்ளியைப் பார்க்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே நான் அன்று ஆய்வகத்தில் இருப்பேன்.

ஒரே மாதிரிப் புள்ளி தரும் குழாய்களைச் சேர்த்து, மறுபடியும் பிரித்து, கடைசியில் உயர் அழுத்தத் திரவக் குரோமடோகிராபியில் ஏற்றுவோம். 100 கிராம் காளானிலிருந்து அரிதான சேர்மம் ஒன்று சில மில்லிகிராம் கிடைத்தாலே மகிழ்ச்சி.

பிறகு அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறை நிறமாலை மூலக்கூறின் எடையைத் தரும். எத்தனை கார்பன், எத்தனை ஆக்சிஜன் என்று அதிலிருந்து கணக்கிடலாம். அணுக்கரு காந்த ஒத்ததிர்வு ஒவ்வொரு கார்பனும் ஹைட்ரஜனும் எந்தச் சூழலில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். ஆன்ட்சின்களில் 29 கார்பன்கள். ஆனால் நிறமாலையில் சில கார்பன்கள் இரட்டைக் கோடாக வரும். மாதிரி சுத்தமாக இல்லை என்று முதலில் தோன்றும். மறுபடியும் பிரித்தாலும் அப்படியேதான் வரும். காரணம், 25ஆம் கார்பன். அதில் ஒரு மெத்தில் தொகுதி இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். இரண்டு வடிவங்களையும் காளானே கலந்து செய்கிறது. வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் போல முழுக்க எதிரெதிர் வடிவங்கள் அல்ல. அந்த ஓரிடத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒன்று. சாதாரணச் சிலிக்கா குழாயால் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. உடலுக்குள் இரண்டும் ஒரே வேலையைச் செய்யுமா என்று கேட்டால், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பல கட்டுரைகள் பிரிக்காமலேயே கலவையைச் சோதித்து ஒரு பெயரில் வெளியிட்டுவிடுகின்றன.

காட்டுக் காளானும் வளர்ப்புக் காளானும் ஒன்றுதானா?

வேதியியலில் ஒன்றல்ல. பொந்தில் வளர்ந்த முதிர்ந்த உடலில் ஆன்ட்சின் போன்ற கசப்பான டிரைட்டெர்பீன்கள் மிகுதி. தொட்டியில் திரவ ஊடகத்தில் வளர்க்கும்போது கிடைப்பது பூஞ்சையின் இழைகள் மட்டும். அவற்றில் ஆன்ட்ரோடின்கள், ஆன்ட்ரோகுயினோனால் போன்ற வேறு வகைச் சேர்மங்கள் முக்கியமாகின்றன. புட்டியின் மேல் ஒட்டிய படத்தில் சிவந்த காளான் உடலும், உள்ளே தொட்டி இழையும் இருந்தால், காளான் உடலைப் பற்றிய ஆய்வு முடிவுகள் அந்தப் புட்டிக்குப் பொருந்தாது.

விலை ஏன் இவ்வளவு அதிகம்?

மரம் அரிது. தைவானில் இயற்கைக் காட்டு மரங்களை வெட்டுவதற்கு 1990களின் தொடக்கத்திலிருந்தே தடை இருக்கிறது. இந்தக் காளானுக்காகத் திருட்டுத்தனமாக முதிர்ந்த மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். பொந்தைத் திறந்து காளானைச் சுரண்டிக்கொண்டு போகிறார்கள். நூற்றாண்டுகள் நின்ற மரம் போய்விடுகிறது. ஆகவே "காட்டிலிருந்து நேரடியாக எடுத்தது" என்று பெருமையாக எழுதிய புட்டியை வாங்காதீர்கள். நாற்று நட்டு வளர்த்த மரங்களின் துண்டுகளில் பூஞ்சையை ஏற்றி வளர்க்கும் முறை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும், ஆனாலும் அது நேர்மையான வழி.

"ஆய்வகத்தில் புற்றுச் செல்களைக் கொன்றது" என்று போட்டிருக்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல்களின் மேல் அந்தப் பொருளை ஊற்றினார்கள், செல்கள் இறந்தன என்று பொருள். பினாயிலை ஊற்றினாலும் இறக்கும். பாதிச் செல்கள் எந்த அளவில் இறந்தன, நலமான செல்கள் அதே அளவில் எப்படி இருந்தன என்ற இரண்டு எண்களும் இல்லாத கூற்றுக்கு மதிப்பில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாறு வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். நம் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அந்தச் செறிவு வர 500 மில்லிகிராம் சாறு, குடலில் வீணாகாமல், கல்லீரலில் சிதையாமல், தசைக்குள் போகாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் நிற்க வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை. விழுங்கியதில் இரத்தத்துக்கு வருவது பெரும்பாலும் சிறு பங்குதான்.

மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா?

ஆன்ட்ரோகுயினோனாலைச் சோதித்திருக்கிறார்கள். 2007இல் அமைப்பு வெளியான சேர்மம் அது, வாய்பாடு C₂₄H₃₈O₄. நம் செல்கள் ஆற்றல் உண்டாக்க உதவும் யூபிகுயினோன் என்ற சேர்மத்தை நினைவூட்டும் ஒரு வளையமும் நீண்ட வாலும் கொண்டது. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை அது சென்றிருக்கிறது. காளான் சாற்றைப் போலன்றி, அதை மில்லிகிராம் கணக்கில் கொடுத்து, இரத்தத்தில் அளந்து பார்க்க முடிந்தது. அதனால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது. இரண்டாம் கட்டத்தைக் கடப்பது என்பது ஒப்புதல் பெறுவதல்ல.

ஜப்பானில் 'டிராமெட்டஸ் வெர்சிகலர்' காளானின் கூட்டுச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த கிரெஸ்டின் 1977இல் ஒப்புதல் பெற்றது. அதையும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத் தருவதற்காகத்தான் ஒப்புக்கொண்டார்கள், அதற்குப் பதிலாக அல்ல.

என் அம்மாவுக்குப் புற்றுநோய். இந்தக் காளான் மாத்திரையைக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. நான் மருத்துவன் அல்ல. வேதியியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கொடுக்கவே கூடாது. சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க நினைத்தால், மாத்திரைப் புட்டியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். மருந்துகள் பலவற்றையும் கல்லீரலின் நொதிகள்தான் சிதைக்கின்றன. காளான் சேர்மங்களும் அதே நொதிகளைப் பிடித்துக்கொண்டால், கீமோ மருந்து இரத்தத்தில் கூடிவிடலாம், குறைந்தும் போகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நோய் எதிர்ப்பைத் தூண்டுவது நல்லது என்று நாம் நினைக்கிறோம். மாற்றுச் சிறுநீரகம் வைத்திருப்பவருக்கு அதுவே கேடு.

நகையை அடகு வைத்து இதை வாங்கியதாக ஒரு மகன் எனக்கு எழுதியிருந்தார். அந்தப் பணம் அம்மாவுக்கு நல்ல சாப்பாட்டுக்கும், மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிக்கும் ஆகட்டும் என்று பதில் எழுதினேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

இனி தங்கம். நகைத் தங்கம் ஒளிர்வதில்லையே, உங்கள் தங்கம் மட்டும் எப்படி ஒளிர்கிறது?

நகைத் தங்கமும் ஒளிரவே செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். விழுங்கும் ஒளித்துகள் ஏறக்குறைய ஆயிரம் கோடிக்கு ஒன்றைத்தான் அது ஒளியாகத் திருப்பித் தருகிறது. தங்கக் கட்டியில் எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் நிலைகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடக்கின்றன. மேலே ஏறிய எலக்ட்ரான் சரிவில் உருள்வதுபோல் இறங்கி, ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகிறது.

அதையே சிறிதாக்கிக்கொண்டே போங்கள். 10 அல்லது 20 நானோமீட்டர் அளவில் தங்கக் கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அது நிறம், ஒளிர்வு அல்ல. இன்னும் சிறிதாக்கி 2 நானோமீட்டருக்குக் கீழே வரும்போது அணுக்களை விரல்விட்டு எண்ணும் நிலை வந்துவிடுகிறது. சரிவு படிக்கட்டாக மாறுகிறது. படிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருப்பதால் எலக்ட்ரான் சட்டென்று குதித்து இறங்குகிறது. அந்த ஆற்றலில் ஒரு பங்கு ஒளியாக வெளியே வருகிறது. அப்போது அது உலோகம்போல் நடந்துகொள்வதில்லை, மூலக்கூறுபோல் நடந்துகொள்கிறது.

அதை எப்படிச் செய்கிறீர்கள்?

2009இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையே இன்றும் மாணவர்களுக்கு முதல் பாடம். மாட்டின் இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தை மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில் கரைத்து 5 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். தங்கம் கரைந்துள்ள 10 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் 5 மில்லிலிட்டரை அதில் சேர்த்து, 37 டிகிரியில் கலக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து அரை மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 12ஐ ஒட்டி ஏறும். பிறகு 12 மணி நேரம் அப்படியே விட வேண்டும்.

எலுமிச்சை மஞ்சளாக இருந்தது மெல்ல வெளிறி, பிறகு தேன் நிறமாகி, காலையில் வந்து பார்த்தால் வடித்த டீயின் பழுப்பில் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் கீழே பிடித்தால், அந்தப் பழுப்பு நீர் முழுவதும் அடியிலிருந்து மேல்வரை செங்கனலாக ஒளிரும். ஒளியின் உச்சம் 640 நானோமீட்டர் அருகில். விழுங்கிய நூறு ஒளித்துகளில் ஆறு திரும்பி வருகின்றன. ஆயிரம் கோடிக்கு ஒன்று எங்கே, நூற்றுக்கு ஆறு எங்கே!

ஒரு தடவைக்கு ஆகும் தங்கம் சுமார் 10 மில்லிகிராம்தான். இன்னொரு கணக்கும் உண்டு. மேலே சொன்ன அளவுகளில் ஒரு புரத மூலக்கூறுக்கு ஏறக்குறைய 13 தங்க அணுக்களே பங்காக வருகின்றன. நிறை நிறமாலையோ 25 அணுக் கொத்து என்கிறது. அப்படியானால் பல புரதங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. இதை மாணவர்களையே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வேன். "சுத்தமான பொருள் கிடைத்துவிட்டது" என்ற நினைப்பு அத்தோடு போய்விடும்.

வீட்டில் செய்து பார்க்காதீர்கள். குளோரோஆரிக் அமிலமும் காரமும் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

அந்த 25 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

புரதத்துக்குப் பதிலாகச் சிறு கந்தகச் சேர்மங்களைப் போர்த்தி 25 அணுக் கொத்தைச் செய்தால் அதைப் படிகமாக்க முடிகிறது. 2008இல் எக்ஸ் கதிர் மூலம் அதன் அமைப்பு தெரியவந்தது. நடுவில் ஓர் அணு, சுற்றிலும் 12 அணுக்கள். ஆக 13 அணுக்களாலான உட்கரு. அதன் மேல் கந்தகமும் தங்கமும் மாறி மாறி வரும் ஆறு வளைவுகள், காகிதத்தில் அடிக்கும் ஸ்டேப்ளர் முள்போலக் கவ்வி நிற்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தங்கம், மூன்று கந்தகம். 13உடன் 12ஐக் கூட்டினால் 25, கந்தகம் 18. காளான் மேசையில் 29 கார்பன்களை எண்ணுகிறோமே, அதே வேலைதான் இது. ஓர் அணு கூடினாலும் குறைந்தாலும் ஒளியின் நிறமும் அளவும் மாறிவிடுகின்றன.

இது வெறும் வேடிக்கையா, பயன் உண்டா?

பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாதரசத்தைக் கண்டுபிடிப்பது. அதே சிங்கப்பூர்க் குழு 2010இல் காட்டியது. கொத்தின் மேற்பரப்பிலுள்ள ஒற்றை நேர்மின் தங்கமும், நீரிலுள்ள இரட்டை நேர்மின் பாதரசமும் எலக்ட்ரான் அமைப்பில் ஒத்தவை. இரண்டிலும் வெளி d கூட்டில் பத்து எலக்ட்ரான்கள். அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்போது சிவப்பு ஒளி அணைந்துவிடுகிறது. அவர்கள் எட்டிய அளவு 0.5 நானோமோலார்; அதாவது லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். இந்தியக் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். வரம்பில் பத்தில் ஒரு பங்கையே இந்தக் கரைசல் உணர்ந்துவிடுகிறது.

கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரச மாசுக் குற்றச்சாட்டால் 2001இல் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அந்த மலைக்காட்டு ஓடைகளின் நீரைப் புற ஊதா விளக்கும் ஒரு சிறு புட்டிக் கரைசலுமாக அங்கேயே முதல் கட்டமாகச் சோதிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒளி அணைவதை வைத்துச் சொல்லும் சோதனை எளிதில் ஏமாற்றும். தாமிரமும் அணைக்கலாம், சேற்று நீரில் உள்ள மட்கு ஒளியை விழுங்கியும் இருட்டாக்கலாம். "இருட்டாகிவிட்டது, எனவே பாதரசம்" என்று முடிவு கட்டாமல், பாதரசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருளைச் சேர்த்து ஒளி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒளி கூடுவதை வைத்துச் சொல்லும் சோதனைகள் இன்னும் நம்பகமானவை.

தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சி நடக்கிறதா?

நடக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு தங்கம், வெள்ளி நானோ கொத்துகளில் உலகம் அறிந்த குழு. குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் முறையும் அங்கிருந்து வந்து பயன்பாட்டுக்குச் சென்றிருக்கிறது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இந்தத் துறையில் சேர விரும்பும் நம் மாணவர்கள் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

குவாண்டம் புள்ளி என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2023 வேதியியல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் புள்ளிகள் பெரும்பாலும் குறைகடத்திப் படிகங்கள். மிகப் பிரகாசமானவை, ஆனால் பலவற்றில் நச்சான காட்மியம் இருக்கிறது. தங்கக் கொத்துகள் மங்கலானவை, காட்மியம் இல்லாதவை.

தங்க பற்பமும் நானோ தங்கம்தானே?

சித்த மருந்துக் கடைகளில் தங்க பற்பம் வாங்குபவர்கள் கேட்கிறார்கள். பற்பம் என்பது மூலிகைச் சாறுகளோடு அரைத்துப் புடம்போட்டுச் செய்யும் பொடி. அதிலுள்ள துகள்கள் பல அளவுகளில் இருக்கும். நானோ அளவில் சிலவும் இருக்கலாம். 25 அணுக் கொத்தோடு அதற்குத் தொடர்பில்லை, புற ஊதா ஒளியில் அது செங்கனலாக ஒளிராது. எங்கள் ஆய்வைச் சான்றாகக் காட்டிப் பற்பம் விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். பற்பத்தின் மருத்துவப் பலனைப் பற்றிச் சொல்ல அதற்கான ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

காளானைக் கொண்டே நானோ துகள் செய்ய முடியுமா?

முடியும். முன்னோடிகளில் ஒன்று நம் நாட்டு ஆய்வகம்தான். புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 2001 முதல் 2003 வரை 'வெர்டிசில்லியம்', 'ஃபுசாரியம் ஆக்சிஸ்போரம்' ஆகிய பூஞ்சைகளைக் கொண்டு தங்க, வெள்ளி நானோ துகள்களைச் செய்து காட்டினார்கள். ஃபுசாரியம் ஆக்சிஸ்போரத்தின் ஒரு வகைதான் வாழையில் வாடல் நோயை உண்டாக்குகிறது. தோட்டத்தை அழிக்கும் பூஞ்சை இனத்துக்கு இப்படியொரு திறமையும் இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

அதன் பிறகு ஒரு வெள்ளமே வந்துவிட்டது. ஏதாவது ஒரு இலை அல்லது காளானைக் கொதிக்கவைத்து, வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து, பழுப்பானதும் "பசுமை முறை" என்று கட்டுரை எழுதிவிடுகிறார்கள். சாற்றில் எந்தச் சேர்மம் உலோகத்தை ஒடுக்கியது? துகளின் மேல் இப்போது எது ஒட்டியிருக்கிறது? அடுத்த பருவத்துக் காளானில் அதே அளவு துகள் வருமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கட்டுரையை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

எங்களுக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. காளான் சாற்றில் செய்த தங்கக் கொத்து என்று நினைத்து, நீல ஒளி தரும் ஒரு கரைசலோடு நான்கு மாதம் கழித்தோம். பிறகு தங்கமே சேர்க்காமல், சாற்றையும் காரத்தையும் மட்டும் அதே வெப்பத்தில் வைத்துப் பார்த்தோம். அதே நீலம். ஒளிர்ந்தது சாற்றிலிருந்து வந்த கரிமப் பொருள். தங்கத்துக்கு அதில் பங்கே இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒப்பீட்டுச் சோதனை அது. இன்று எங்கள் ஆய்வகத்தில் உலோகம் இல்லாத குடுவை பக்கத்தில் இல்லாமல் எந்த ஒளிர்வுப் படத்தையும் யாரும் எனக்குக் காட்டுவதில்லை.

ஒளிர்வை அளக்கும் மாணவர்களுக்கு வேறு எச்சரிக்கை உண்டா?

கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, ஒளி உறிஞ்சல் 0.1ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தியான கரைசல் தன் ஒளியைத் தானே விழுங்கிவிடும். ஒப்பிடும் சாயத்தை உங்கள் பொருள் ஒளிரும் நிறத்துக்கு அருகில் தேர்ந்தெடுங்கள். சிவப்பாக ஒளிரும் தங்கத்தை நீலமாக ஒளிரும் குயினைன் சல்பேட்டோடு ஒப்பிட்டு எண் தருவது சரியல்ல.

எங்கள் தோட்டத்தில் அபூர்வமான காளான் முளைத்திருக்கிறது. அனுப்பினால் சோதித்துச் சொல்வீர்களா?

எங்களுக்கு அனுப்ப வேண்டாம். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்கோ வேளாண் கல்லூரிக்கோ எடுத்துச் செல்லுங்கள். சுவைத்துப் பார்க்காதீர்கள். அமானிட்டா வகைக் காளான்கள் சிலவற்றிலுள்ள நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு வாந்தியும் பேதியும் வந்து, கல்லீரலை அழித்துவிடும். நடுவில் ஒரு நாள் உடம்பு சரியானதுபோல் தோன்றும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், மீதமுள்ள காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாதிரி எடுக்கும்போது அடித்தண்டு மண்ணுக்குள் இருக்கும் பகுதியோடு சேர்த்துத் தோண்டி எடுங்கள், அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முளைத்த இடத்திலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் குடையின் அடியிலிருந்தும் படம் எடுத்துவிடுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். காகித உறையில் போட்டு, எந்த மரத்தடியில், எந்தத் தேதியில் எடுத்தது என்று மேலே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.